மெத்தில் அசிட்டேட் வினைவடித்தல் கோபுரம்: ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் வினைமாற்றம் குறைவது மாதிரியின் பிழையா?

கேள்வி – முதுநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். அசிட்டிக் அமிலத்தையும் மெத்தனாலையும் வினைபுரியச் செய்து மெத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரை எடுக்கும், வினையும் வடித்துப் பிரித்தலும் ஒன்றாகவே நடக்கும் வினைவடித்தல் கோபுரம் ஒன்றை என் முதுநிலை ஆய்வுக்காகக் கணினியில் உருவகப்படுத்தி வருகிறேன். உச்சியில் ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரையும் அடியில் திரவத்தைக் கொதிக்க வைக்கும் ரீபாய்லரையும் சேர்த்து 40 நிலைகள் உள்ளன; இடையில் உள்ளவை தட்டுகள். அழுத்தம் 1 வளிமண்டலம். மேலிருந்து 4-ஆம் நிலையில் அமிலத்தையும் 34-ஆம் நிலையில் மெத்தனாலையும் மணிக்கு 50 கிலோமோல் வீதம் செலுத்துகிறேன். மேல்விளைபொருளின் அளவையும் மணிக்கு 50 கிலோமோல் என்று நிலைநிறுத்திவிட்டு, ரிஃப்ளக்ஸ் விகிதத்தை (மேல்விளைபொருளோடு ஒப்பிட, உச்சியிலிருந்து கோபுரத்துக்குள் திருப்பி இறக்கப்படும் திரவத்தின் அளவை) மட்டும் மாற்றிப் பார்த்தேன். கந்தக அமிலத்தை வினையூக்கியாகக் கொண்ட வேகச் சமன்பாட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். வினை 10-ஆம் நிலை முதல் 33-ஆம் நிலை வரை மட்டும் நடப்பதாக வைத்திருக்கிறேன்.

என்னைக் குழப்புபவை மூன்று. முதலாவது, ரிஃப்ளக்ஸ் விகிதம் 1.2 இருக்கும்போது வினைமாற்றம் (செலுத்திய வினைபொருளில் விளைபொருளாக மாறிய பங்கு) 84 விழுக்காடாகவும், 1.9-இல் 96 விழுக்காடாகவும் வருகிறது. ஆனால் 3-க்கு உயர்த்தினால் 87 விழுக்காட்டிற்கு இறங்கிவிடுகிறது. ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் பிரிப்பு மேம்படும் என்றுதான் படித்திருக்கிறேன். இரண்டாவது, அதே 1.9 விகிதத்தில் தொடக்க ஊகத்தை மாற்றினால் சில சமயம் 89 விழுக்காடு என்ற வேறொரு விடை கிடைக்கிறது. மூன்றாவது, ஆண்டு மொத்தச் செலவைக் குறைக்கும்படி உகப்பாக்கத்தை ஓட்டினால், மூன்று தொடக்கப் புள்ளிகளிலிருந்து மூன்று வெவ்வேறு வடிவமைப்புகளில் போய் நிற்கிறது. மூன்றிலுமே தட்டில் தங்கும் திரவக் கொள்ளளவு நான் கொடுத்த மேல் எல்லையான 5 கன மீட்டரைத் தொட்டுவிடுகிறது. மாதிரியையே மாற்ற வேண்டுமா, அல்லது கணக்கிடும் முறையையா? வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – வெப்ப இயக்கவியல் பயிற்றுவிப்பவர்

உங்களுடைய முதல் ஐயத்திற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ரிஃப்ளக்ஸ் ஓர் அளவைக் கடந்தால் வினைமாற்றம் குறைவது மாதிரியின் பிழை அன்று. இந்த அமைப்பின் இயல்பே அதுதான். சோதனைக் கோபுரங்களிலும் இதேபோல வினைமாற்றம் ஏறி இறங்கும் மேடு காணப்பட்டிருக்கிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் உகப்பாக்கத்தில் நேரும் சிக்கலும் பாதி விளங்கிவிடும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான்கு பொருள்களின் கொதிநிலைகளை நினைவில் கொள்ளுங்கள்: மெத்தில் அசிட்டேட் 57, மெத்தனால் 64.7, நீர் 100, அசிட்டிக் அமிலம் 118 டிகிரி செல்சியஸ். இவற்றை மட்டும் பார்த்தால் விளைபொருள் எளிதாக மேலே வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மெத்தில் அசிட்டேட் மெத்தனாலோடு சேர்ந்து ஏறத்தாழ 54 டிகிரியிலும், நீரோடு சேர்ந்து ஏறத்தாழ 56.5 டிகிரியிலும் கொதிக்கும் அசியோட்ரோப்களை (சாதாரண வடித்தலில் பிரியாமல் ஒரே விகிதத்தில் ஆவியாகும் கலவைகளை) உருவாக்குகிறது. இரண்டுமே தூய மெத்தில் அசிட்டேட்டை விடக் குறைந்த வெப்பநிலையில் கொதிப்பவை. ஆகவே எதையும் செய்யாமல் விட்டால் கோபுரத்தின் உச்சிக்கு முதலில் வந்து சேர்வது அசியோட்ரோப்தான், விளைபொருள் அன்று. இதைத் தடுப்பது மேலே செலுத்தப்படும் அசிட்டிக் அமிலம். அது வினைபொருளாக மட்டும் இருப்பதில்லை; கீழிறங்கும் வழியில் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு, மெத்தில் அசிட்டேட்டைத் தனியாக மேலே போகவிடும் பிரித்தெடுப்புக் கரைப்பானாகவும் வேலை செய்கிறது. இதே அமிலம் தன்னை நோக்கி ஏறி வரும் மெத்தனாலையும் வினையில் செலவழித்துவிடுகிறது. ஈஸ்ட்மன் நிறுவனம் டென்னஸியின் கிங்ஸ்போர்ட்டில் 1980-களில் ஓட்டத் தொடங்கிய கோபுரத்தின் நுட்பம் முழுவதும் இந்த இரட்டைப் பணியில்தான் அடங்கியிருக்கிறது. ஓர் உலையும் அதன் பின்னே வரிசையாகப் பல வடிகோபுரங்களும் செய்த வேலையை ஒரே கோபுரம் செய்தது. முதலீடும் ஆற்றலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன என்று அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்து இவ்வளவு சாதித்த வேறொரு கோபுரத்தை நான் அறியேன். மாணவர்களுக்கு இதை விளக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு புதிதாகவே இருக்கிறது.

இப்போது உங்கள் எண்களை எடுத்துக்கொள்வோம். மேல்விளைபொருள் 50 கிலோமோல் என்பதால், விகிதம் 1.2-இல் திரும்பி இறங்கும் திரவம் 60 கிலோமோல், 1.9-இல் 95, 3-இல் 150. அது பெரும்பாலும் மெத்தில் அசிட்டேட். அதனோடு 4-ஆம் நிலையில் 50 கிலோமோல் அமிலம் சேர்கிறது. மற்றவற்றை விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், அந்நிலைக்குக் கீழே இறங்கும் திரவத்தில் அமிலத்தின் பங்கு 1.2-இல் 45 விழுக்காடு, 1.9-இல் 34 விழுக்காடு, 3-இல் 25 விழுக்காடு. ரிஃப்ளக்ஸைக் கூட்டக் கூட்ட, கரைப்பானை நீங்களே விளைபொருளால் நீர்க்கச் செய்கிறீர்கள். நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்து, நீர் அசியோட்ரோப் வழியாக மேலே நழுவுகிறது. அதோடு, வெளியே போயிருக்க வேண்டிய மெத்தில் அசிட்டேட் வினைப்பகுதிக்குள் திரும்ப இறங்கி, மீள்வினையைத் தூண்டுகிறது. மறுமுனையில், ரிஃப்ளக்ஸ் மிகவும் குறைவாக இருந்தால் உச்சியில் அமிலத்தை விளைபொருளிலிருந்து கழுவி இறக்கப் போதிய திரவம் இல்லை. அடியில் நீரிலிருந்து மெத்தனாலை விரட்டப் போதிய ஆவியும் இல்லை. இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவில்தான் உங்கள் மேடு நிற்கிறது.

ஆயினும் 96 விழுக்காடு என்ற எண் எனக்குச் சற்று ஐயமாக இருக்கிறது. சமநிலை மாறிலியை எப்படிக் கொடுத்தீர்கள்? மோல் பின்னங்களில் எழுதினால் இந்த வினைக்கு அது ஏறத்தாழ 5. ஆக்டிவிட்டியில் (கலவையில் ஒரு பொருள் உண்மையில் செயல்படும் அளவைக் காட்டும் திருத்திய செறிவில்) எழுதினால் 330 கெல்வின் அளவில் 25-ஐ ஒட்டி வரும். நீரும் மெத்தில் அசிட்டேட்டும் ஒன்றை ஒன்று விரும்பாததால் அவற்றின் ஆக்டிவிட்டி குணகங்கள் பெரிதாக இருப்பதே இந்த வேறுபாட்டின் காரணம். ஆக்டிவிட்டிக்கு உரிய 25-ஐ மோல் பின்னச் சமன்பாட்டில் பொருத்திவிட்டால், சம மோல் கலவைக்கு மூடிய கலத்தில் வர வேண்டிய ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்குப் பதிலாக 83 விழுக்காடு வந்துவிடும். கோபுரத்தை ஓட்டுவதற்கு முன், ஒரே ஒரு கலத்தில் நீண்ட நேரம் வினைபுரிய விட்டு இந்த எண்ணைச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்; ஆனால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆவி நிலையை இலட்சிய வாயுவாக வைத்திருக்கிறீர்களா? அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறுகள் ஆவியிலும் இரண்டிரண்டாக இணைந்தே இருக்கும். அதனால்தான் அதன் ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 24 கிலோஜூல் அளவில் நின்றுவிடுகிறது. மெத்தனாலுக்கு அது 35, நீருக்கு 41. என்ஆர்டிஎல், யூனிக்வாக் போன்ற ஆக்டிவிட்டி மாதிரிகள் திரவ நிலையை மட்டுமே கவனித்துக்கொள்ளும். ஆவியில் நடக்கும் இணைவுக்கு ஹேடன்–ஓ'கானல் போன்ற சமன்பாட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அமிலம்–நீர் பிரிப்பும் வெப்பச் சமநிலையும் ஒருசேரத் தவறும்.

மறுமொழி 2 – எஸ்டர் ஆலைப் பொறியாளர்

மேலே எழுதியவர் சொன்ன அனைத்தோடும் உடன்படுகிறேன். அவர் தொடாத ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வினை 10 முதல் 33 வரையிலான நிலைகளில் மட்டும் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வினையூக்கியோ கந்தக அமிலம். கந்தக அமிலம் ஆவியாகாது. அதை எந்தத் தட்டில் விடுகிறீர்களோ, அங்கிருந்து கோபுரத்தின் அடிவரை, ரீபாய்லரையும் சேர்த்து, அது இறங்கிக்கொண்டே போகும். அதனால் 33-ஆம் நிலையோடு வினை நின்றுவிடாது. ரீபாய்லரின் திரவக் கொள்ளளவு ஒரு தட்டினுடையதைப் போலப் பல மடங்கு இருப்பதால், அங்கு நடக்கும் வினை சிறியதும் அன்று. அடிப்பகுதியில் நீர் மிகுதி. அங்கே வந்து சேரும் மெத்தில் அசிட்டேட் மறுபடி நீராற்பகுப்படைந்து அமிலமாகவும் மெத்தனாலாகவும் உடையும். உங்கள் எல்லைகள், திட வினையூக்கியான அமில ரெசினைப் பொதிந்த கட்டமைப்பு நிரப்பிகளைக் குறிப்பிட்ட உயரத்திற்கு மட்டும் அடுக்கிய கோபுரத்திற்குத்தான் பொருந்தும். கந்தக அமிலத்தின் வேகச் சமன்பாட்டையும் ரெசின் கோபுரத்தின் எல்லைகளையும் கலந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். ரெசின் என்றால், வேகம் பெரும்பாலும் உலர்ந்த வினையூக்கியின் ஒரு கிலோகிராமுக்கு எனக் கொடுக்கப்பட்டிருக்கும். மென்பொருள் அதைத் திரவக் கொள்ளளவின் ஒரு கன மீட்டருக்கு எனக் கேட்கும். இந்த அலகு மாற்றத்தில் தவறிய கணக்குகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆம்பர்லிஸ்ட் 15 போன்ற ரெசின்களுக்கு 120 டிகிரி என்ற மேல் எல்லை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

தங்கும் கொள்ளளவு மேல் எல்லையைத் தொடுவதற்குக் காரணம் எளிது: உங்கள் செலவுச் சமன்பாட்டில் கொள்ளளவுக்கு விலையே இல்லை. விலையில்லாத ஒன்றை உகப்பாக்கம் எல்லை வரை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். உண்மையில் அது தட்டின் பரப்பையும் அதன் மேல் நிற்கும் திரவத்தின் உயரத்தையும் பெருக்கி வருவது. 2 மீட்டர் விட்டமுள்ள கோபுரத்தில் 10 சென்டிமீட்டர் தெளிந்த திரவம் நின்றால் கிடைப்பது 0.31 கன மீட்டர். 5 கன மீட்டர் வேண்டுமென்றால் அதே விட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் திரவம் நிற்க வேண்டும். அதைத் தட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 10 சென்டிமீட்டருக்கே ஒரு தட்டில் ஏறத்தாழ 9 மில்லிபார் அழுத்தம் இழக்கப்படும். 38 தட்டுகளுக்கு அது 340 மில்லிபார். அடியில் அழுத்தம் 1.35 பாரைத் தொட்டு, அங்கே நீர் 108 டிகிரியில் கொதிக்கும். அதாவது, கொள்ளளவைக் கூட்டினால் அழுத்தமும், அதனோடு வெப்பநிலையும், வினைவேகமும், ரீபாய்லரின் நீராவித் தேவையும் சேர்ந்தே மாறுகின்றன. கோபுரம் முழுவதும் 1 வளிமண்டலம் என்று வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது.

மறுமொழி 3 – எண்முறைக் கணக்கீட்டு ஆய்வாளர்

இரண்டாவது, மூன்றாவது ஐயங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே விகிதத்தில் இரண்டு விடைகள் வருவதாகச் சொல்கிறீர்கள். இங்கே இரண்டு வேறு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே வினைமாற்றத்தை இரண்டு ரிஃப்ளக்ஸ் விகிதங்கள் தருவது உள்ளீட்டுப் பன்மை; உங்கள் மேடு இருக்கும் இடத்தில் அது கட்டாயம் இருக்கும், மேட்டின் இரு சரிவுகளிலும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு புள்ளி கிடைப்பதுபோல. எல்லா உள்ளீடுகளும் ஒன்றாக இருந்தும் கோபுரம் இரண்டு நிலைத்த நிலைகளில் நிற்கக்கூடுமானால் அது வெளியீட்டுப் பன்மை. எம்டிபிஇ என்ற ஈதரைத் தயாரிக்கும் வினைவடித்தல் கோபுரங்களில் இந்த இரண்டாம் வகை 1990-களின் தொடக்கத்திலிருந்தே விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே தொடக்க ஊகம் மட்டுமே கோபுரத்தை உயர்ந்த வினைமாற்றத்திற்கோ தாழ்ந்ததற்கோ கொண்டுபோய்விடும். வினையே இல்லாத சாதாரண இருபொருள் கோபுரத்தில்கூட, ரிஃப்ளக்ஸை மோலுக்குப் பதிலாக எடையில் நிலைநிறுத்தினால் இப்படி நேரலாம் என்று 1991-இல் யாகோப்சனும் ஸ்கூகெஸ்டாடும் காட்டினார்கள்.

ஆனால் உங்கள் 89 விழுக்காட்டை அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த வினையில் மோல் எண்ணிக்கை மாறுவதில்லை: ஒரு மோல் அமிலமும் ஒரு மோல் மெத்தனாலும் போய், ஒரு மோல் எஸ்டரும் ஒரு மோல் நீரும் வருகின்றன. எனவே உள்ளே போன 100 கிலோமோல் அப்படியே வெளியே வர வேண்டும். வெளியேறும் எஸ்டரின் மோல் எண்ணிக்கையும் நீரின் மோல் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சிய அமிலமும் எஞ்சிய மெத்தனாலும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு விடைகளையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) தளர்வான பிழை வரம்போடு நின்றுவிட்ட போலி விடைகள் இங்கேயே பிடிபடும்.

நம்பகமாகக் குவிய வைக்க நான் பின்பற்றும் வழி இது. வினைவேகத்தை ஓர் எண்ணால் பெருக்கி, அந்த எண்ணைச் சுழியத்தில் தொடங்குங்கள். சுழியத்தில் அது நான்கு பொருள்களைக் கொண்ட சாதாரண வடிகோபுரம், எளிதாகக் குவியும். பிறகு 0.05, 0.1, 0.2 என்று ஒன்று வரை உயர்த்தி, ஒவ்வொரு விடையையும் அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுங்கள். வழியில் ஓரிடத்தில் எவ்வளவு சிறிய படி வைத்தாலும் சால்வர் தோற்குமானால், தீர்வுக்கோடு அங்கே திரும்புகிறது என்று பொருள் கொள்ளலாம். அங்கே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போகாமல், கோட்டின் நீளத்தையே அளவாகக் கொண்டு நகர வேண்டும். வெளியீட்டுப் பன்மை உண்மையிலேயே இருந்தால் இந்தக் கோடு தானாகவே அதைக் காட்டிவிடும். ஊகங்களை மாற்றி மாற்றித் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உகப்பாக்கத்தைப் பொறுத்தவரை, மூன்று தொடக்கங்களுக்கு மூன்று விடைகள் வருவதில் எனக்கு வியப்பில்லை. மேடு இருக்கும் சார்பில், வலச்சரிவிலிருந்து தொடங்கினால் சால்வர் வலச்சரிவிலேயே ஓர் உள்ளூர்த் தாழ்வில் சிக்கிக்கொள்ளும். அங்கே நீராவியும் அதிகம், வினைமாற்றமும் குறைவு. எந்த வகையிலும் தேவையில்லாத பகுதி. முதலில் ரிஃப்ளக்ஸைச் சீராக மாற்றி வளைவரையை வரைந்து, மேட்டின் இடப்பக்கத்திலிருந்து மட்டும் தேடலைத் தொடங்குங்கள். நிலைகளின் எண்ணிக்கை, இரு ஊட்டங்களின் இடம் ஆகிய முழு எண்களை வெளி வளையத்தில் வைத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ரிஃப்ளக்ஸ், ரீபாய்லர் வெப்பம் போன்ற தொடர் மாறிகளை உள் வளையத்தில் உகப்பாக்குங்கள். இவை அனைத்தையும் முழு எண் கலந்த நேரிலா உகப்பாக்கமாக ஒரே சமயத்தில் தீர்க்க முடியும். எத்திலீன் கிளைக்கால் கோபுரத்திற்குச் சிரிக் (Ciric), கூ (Gu) என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இலேயே அப்படிச் செய்து காட்டினார்கள். எனினும் அதற்கு எல்லாச் சமன்பாடுகளும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மூடிய மென்பொருளை வெளியிலிருந்து அழைக்கும் உங்களுக்கு, இரண்டு வளையங்கள்தான் பொருத்தம்.

மூடிய மென்பொருளை அழைக்கும்போது இன்னோர் இடர் உண்டு. சரிவைக் கணக்கிட உகப்பாக்கி மாறியைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அசைத்துப் பார்க்கும்; சிமுலேஷனின் பிழை வரம்போ பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருக்கும். அப்படியானால் அது அளப்பது சரிவை அன்று, குவிதலின் இரைச்சலை. பிழை வரம்பை இறுக்கி, அசைவைப் பெரிதாக்குங்கள். மூன்று விடைகளில் ஒன்றாவது இதனால் நேர்ந்திருக்கக்கூடும்.

நிறைமாற்றத்தையும் உள்ளடக்கிய வேக அடிப்படை மாதிரிக்கு மாற வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். கந்தக அமிலக் கோபுரத்தில், திரவத்துக்கும் ஆவிக்கும் இடையிலான பரிமாற்றத்தை விட வினை மெதுவாகவே நடப்பதால், சமநிலைத் தட்டுகளோடு வினைவேகத்தைச் சேர்த்த உங்கள் மாதிரி இந்த ஆய்வுக்குப் போதும். தட்டில் வேதிச் சமநிலையே எட்டப்பட்டுவிடும் என்று மட்டும் கொள்ளாதீர்கள். அது வினைமாற்றத்தை மிகைப்படுத்திவிடும்.

மறுமொழி 4 – எஸ்டர் ஆலைப் பொறியாளர்

வேக அடிப்படை மாதிரி பற்றிய கடைசிப் பத்தியில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. கந்தக அமிலத்திற்கு நீங்கள் சொல்வது சரி. கேள்வி கேட்டவர் ரெசின் நிரப்பிகளைத் தேர்ந்தெடுத்தால், ரெசின் மணிகளுக்குள் பொருள்கள் ஊடுருவும் வேகமும், நிரப்பிப் பைகளை ஒதுக்கிவிட்டுத் திரவம் பக்கவாட்டில் வழிந்துபோவதும் கணக்கில் வந்தே தீர வேண்டும். அங்கே ஒரு கோட்பாட்டுத் தட்டுக்கு இணையான உயரமே ஆவியின் சுமையைப் பொறுத்து மாறும். 40 நிலைகள் என்று தாளில் எழுதிவிட்டு அதை உயரமாக மாற்றும்போது ஏமாற நேரும்.

மறுமொழி 5 – எண்முறைக் கணக்கீட்டு ஆய்வாளர்

ஏற்றுக்கொள்கிறேன். நான் எழுதியது தட்டுக் கோபுரத்திற்கு மட்டும் பொருந்தும்.

மறுமொழி 6 – முதுநிலை மாணவி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள்களாக நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன். கண்டவற்றை எழுதுகிறேன்.

சமநிலை மாறிலியில் நான் தவறியிருந்தது உண்மை. ஆக்டிவிட்டிக்கு உரிய எண்ணை எடுத்து மோல் பின்னச் சமன்பாட்டில் வைத்திருந்தேன். ஒற்றைக் கலச் சோதனையில் 83 விழுக்காடு வந்ததுமே விளங்கிவிட்டது. இப்போது சமன்பாடு முழுவதையும் ஆக்டிவிட்டியில் எழுதிவிட்டேன். ஆவியில் இணைவையும் சேர்த்தேன். வினையூக்கி கந்தக அமிலமே என்று முடிவு செய்து, அமில ஊட்டத்திற்குச் சற்றுக் கீழே, 6-ஆம் நிலையிலிருந்து ரீபாய்லர் வரை வினை நடக்குமாறு மாற்றினேன். 89 விழுக்காடு என்ற இரண்டாம் விடை போலியானது: அதில் வெளியேறிய நீரின் அளவு எஸ்டரின் அளவை விட 2 கிலோமோல் கூடுதலாக இருந்தது. பிழை வரம்பை இறுக்கியதும் அது மறைந்துவிட்டது.

விட்டத்தை ஆவியின் அளவிலிருந்தும், கொள்ளளவை விட்டத்திலிருந்தும் 10 சென்டிமீட்டர் திரவ உயரத்திலிருந்தும் கணக்கிட்டு, தட்டுதோறும் அழுத்த இழப்பையும் கொடுத்தேன். இதன் பிறகு 40 நிலைகளில் கிடைத்த உயர்ந்த வினைமாற்றம் 93 விழுக்காடு; மேடு 1.7-ஐ ஒட்டி வந்திருக்கிறது. வினைப்பகுதியில் தட்டுகளைச் சேர்த்து மொத்தம் 52 நிலைகள் ஆக்கியபோது 97-ஐத் தாண்டியது. இடச்சரிவிலிருந்து தொடங்கும் மூன்று தேடல்களும் இப்போது ஒரே வடிவமைப்பில் வந்து சேர்கின்றன.

புதிதாக ஒன்று எழுகிறது. இரு ஊட்டங்களும் துல்லியமாக 50, 50 என்று வைத்தே இவ்வளவும் செய்திருக்கிறேன். அமிலத்தை 50.5 ஆக்கினால் அடிநீரின் தூய்மை உடனே கெட்டுவிடுகிறது. ஆலையில் இரு ஓட்டங்களையும் இவ்வளவு துல்லியமாக வைத்திருக்க முடியுமா? முடியாதென்றால், என் உகந்த வடிவமைப்புக்கு என்ன பொருள்?

மறுமொழி 7 – எஸ்டர் ஆலைப் பொறியாளர்

சரியான இடத்திற்கு வந்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அந்த அரை கிலோமோலைக் கணக்கிட்டுப் பாருங்கள். கூடுதல் அமிலத்திற்கு வினைபுரிய மெத்தனால் இல்லை. மேலே அது போக முடியாது, அடியில்தான் வர வேண்டும். மணிக்கு 30 கிலோகிராம் அமிலம், 900 கிலோகிராம் நீரில்: எடையில் 3 விழுக்காட்டிற்கு மேல். மாறாக மெத்தனால் அரை கிலோமோல் கூடினால், 16 கிலோகிராம் மெத்தனால் அசியோட்ரோப் வழியாக மேலேறி 3700 கிலோகிராம் விளைபொருளில் கலக்கும். எடையில் அரை விழுக்காட்டிற்கும் குறைவு, ஆனால் உயர்ந்த தூய்மை கேட்கும் வாடிக்கையாளருக்கு அதுவும் மிகுதி. ஓட்டமானிகள் ஒரு விழுக்காடு தவறுவது அன்றாடம் நடப்பது. ஊட்டங்களின் தூய்மையும் நாள்தோறும் சற்று மாறும். எனவே இரு ஊட்டங்களையும் ஓட்டமானியை மட்டும் நம்பி நிலைநிறுத்தி எந்த ஆலையும் நெடுநேரம் ஓட முடியாது.

நடைமுறையில் கோபுரத்தின் வெப்பநிலையே நமக்குச் செய்தி சொல்கிறது. ஒரு வினைபொருள் மிகுந்துபோனால் அது கோபுரத்தின் உள்ளே மெல்லத் தேங்கத் தொடங்கும். வினைப்பகுதித் தட்டுகளின் வெப்பநிலை நகரும். அந்த நகர்வைப் பார்த்து ஓர் ஊட்டத்தையோ, இரு தட்டுகளைக் கண்காணித்து இரு ஊட்டங்களையுமோ திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்; ரிஃப்ளக்ஸ் விகிதத்தை அசைக்காமல் விட்டுவிடலாம். இங்கேதான் உங்கள் மேடு மறுபடி வருகிறது. ரிஃப்ளக்ஸைக் கட்டுப்பாட்டு மாறியாக எடுத்துக்கொண்டால், மேட்டின் இடப்பக்கத்தில் அதைக் கூட்டும்போது தூய்மை உயரும், வலப்பக்கத்தில் கூட்டினால் தாழும். கோபுரம் ஒரு நாள் மேட்டின் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால், கட்டுப்படுத்தி தவறான திசையில் திருத்தித் திருத்தி நிலைமையை இன்னும் கெடுக்கும். நான் பணியாற்றிய ஓர் ஆலையில் ஓர் இரவு முழுவதும் இப்படித்தான் தவித்தோம். ரிஃப்ளக்ஸைக் குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தூய்மை கெட்டால் ரிஃப்ளக்ஸைக் கூட்டு என்பதே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது. விடியும் முன் மூத்தவர் ஒருவர் வந்து குறைக்கச் சொன்ன பிறகுதான் கோபுரம் திரும்பியது.

ஆகவே உங்கள் உகந்த புள்ளியைச் சரியாக மேட்டின் உச்சியில் வைக்காதீர்கள். உச்சிக்குச் சற்று இடப்பக்கத்தில், வினைமாற்றத்தில் அரை விழுக்காடு இழந்தாலும், ரிஃப்ளக்ஸின் விளைவு எப்போதும் ஒரே திசையில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இதை உகப்பாக்கத்திலேயே ஒரு கட்டுப்பாடாக எழுத முடியும்: ஊட்ட விகிதம் ஒரு விழுக்காடு மேலும் கீழும் மாறும் மூன்று நிலைகளுக்கும் தூய்மை வரம்பு நிறைவேற வேண்டும் என்று கேளுங்கள். கணக்கு மூன்று மடங்காகும். உங்கள் அளவிலான மாதிரிக்கு அது தாங்கக்கூடியதே.

மறுமொழி 8 – முதுநிலை மாணவி

மூன்று ஊட்ட நிலைகளோடும் ஓட்டத் தொடங்கிவிட்டேன். வெப்பநிலையைக் கண்காணிக்க எந்தத் தட்டுகளைத் தேர்ந்தெடுப்பது என்று ஏதேனும் விதி உண்டா?

மறுமொழி 9 – எண்முறைக் கணக்கீட்டு ஆய்வாளர்

இரு ஊட்டங்களையும் தனித்தனியே ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றி, ஒவ்வொரு தட்டின் வெப்பநிலையும் எவ்வளவு நகர்கிறது என்று வரைந்து பாருங்கள். ஒவ்வோர் ஊட்டத்திற்கும் எந்தத் தட்டு மிகுதியாக நகர்கிறதோ அது முதல் வேட்பாளர். இரண்டும் ஒரே பகுதியில் வந்துவிட்டால், அந்த நகர்வுகளை ஓர் அணியாக (matrix) அடுக்கி, அதை ஒற்றை மதிப்புகளாகப் (singular values) பகுத்து, ஒன்றையொன்று சாராத இரு தட்டுகளைத் தேடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு, ஊட்டத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் நகர்வின் திசை மாறாமல் இருக்கிறதா என்று 1 விழுக்காடு வரை சோதித்துவிடுங்கள். மாறினால் அந்தத் தட்டின் வெப்பநிலை எவ்வளவு மிகுதியாக நகர்ந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.